கேஸ் 6318, 1973: பஃபிங் பார்க்காத மடக்குக்கத்தி

பழைய மடக்குக்கத்தி விற்பவர்கள் படத்தில் காட்டுவது பளபளப்பைத்தான். எனக்கு அதைப் பார்த்தாலே சந்தேகம் வரும். பஃபிங் என்னும் மெருகேற்றும் சக்கரத்தில் பிடித்தால் துரு மட்டுமா போகிறது? முத்திரை மங்கும், கைப்பிடி முனையில் இருக்கும் உலோகக் கவசமான போல்ஸ்டரின் ஓரம் மழுங்கும், அலகு எவ்வளவு தேய்ந்தது என்பதே தெரியாமல் போகும். கேஸ் என்ற அமெரிக்கக் கத்தி நிறுவனத்தின் இந்த 6318-ஐ நான் எடுத்ததே, அதன் கார்பன் ஸ்டீல் அலகுகள் சாம்பலும் நீலமுமாகக் கறுத்துக் கிடந்ததால்தான்.

எண்ணைப் பிரித்தால் கத்தி புரிந்துவிடும். 6 என்றால் எலும்புக் கைப்பிடி, 3 என்றால் மூன்று அலகு, 18 மாடல். மடக்கினால் மூன்றரை அங்குலம். வயதுக்கு அலகின் அடியில் உள்ள முத்திரையைப் பார்க்க வேண்டும். கேஸ் நிறுவனம் 1970-இல் பத்துப் புள்ளிகள் போட்டு, வருடத்துக்கு ஒன்றாகக் குறைத்துக்கொண்டே வந்தது. இதில் ஏழு புள்ளி, ஆக 1973. விற்றவரோ 'அறுபதுகளின் கத்தி' என்று எழுதியிருந்தார். அறுபதுகளின் முத்திரையில் புள்ளியே கிடையாது. லென்ஸ் வைத்து எண்ண அவருக்குப் பொறுமை இல்லை போலிருக்கிறது.

பெரிய அலகு கிளிப், முதுகு முனையருகே சரிந்து கூராகும் வகை. அது முழு அகலத்தோடு இருக்கிறது. மூடினால் 'டக்'கென்று உள்ளே போகிறது, பக்கவாட்டில் துளி ஆட்டம் இல்லை. இத்தனை வயதான ஸ்பிரிங்குக்கு இது பெரிய விஷயம். நேரான வெட்டுவாயும் மழுங்கிய முனையும் கொண்ட ஷீப்ஃபுட் அலகை முன்பு யாரோ முரட்டுக் கல்லில் தீட்டியிருக்கிறார்கள். கீறல் தெரிகிறது, ஆனாலும் கயிறு அறுக்க அதைத்தான் எடுக்கிறேன். மூன்றாவது, ஸ்பே. கால்நடைகளுக்குக் காயடிக்க வந்த அலகு அது, தவறிக் குத்திவிடாமல் இருக்கத்தான் முனை மழுங்கல். எனக்கு அந்த வேலை வரவில்லை, பழம் நறுக்குகிறேன். பழச்சாறு பட்டு இன்னும் கொஞ்சம் கறுக்கிறது, கறுக்கட்டும். செந்துரு பிடித்தால்தான் கவலை. துடைத்து, மூட்டில் ஒரு சொட்டு மினரல் ஆயில் விட்டால் போதும்.

கூடவே, செல்லுலாய்டு என்ற பழைய பிளாஸ்டிக்கில் கைப்பிடி போட்ட கத்தி ஒன்றையும் விற்றவர் சேர்த்துத் தருவதாகச் சொன்னார். வேண்டாம் என்றேன். செல்லுலாய்டு கெட ஆரம்பித்தால் வெளிவரும் ஆவி, அதே பெட்டியில் கிடக்கும் மற்றக் கத்திகளையும் துருப்பிடிக்க வைத்துவிடும். அழகான கைப்பிடிதான், ஆனால் தனி டப்பா வேண்டும்.

சரி, குறை ஒன்று உண்டு. ஆணிக்குப் பக்கத்தில் எலும்பில் ஒரு மயிரிழை விரிசல். படங்களில் அந்தப் பக்கமே வரவில்லை, விவரத்திலும் ஒரு வார்த்தை இல்லை. பிடிக்கும்போது கைக்குத் தட்டுப்படவில்லை, ஆனால் சேகரிப்பவர் இதைக் கேட்காமல் விடமாட்டார். கத்திக்கு ஐந்துக்கு நாலரை. விற்றவருக்கு மூன்று, அதுவும் கத்தியைப் பளபளப்பாக்காமல் விட்டதற்காக.