தோளிலிருந்து தொடங்கும் சட்டை: மதுரையில் ஒரு தையற்கடை

பத்தொன்பது ஆண்டுகளாகக் கல்லூரியில் பாடம் நடத்தி வருகிறேன். இத்தனை காலமும் ஆயத்த ஆடைக் கடைக்குப் போய், '40' என்று எண் போட்ட சட்டையை எடுத்து, மார்பில் இறுக்கவில்லை என்றால் போதும் என்று வாங்கிக்கொண்டு, தோள் ஒரு விரற்கடை கீழே தொங்குவதையும் கை பெருவிரல் வரை இறங்குவதையும் பொறுத்துக்கொண்டே உடுத்தினேன். சென்ற ஆடித் தள்ளுபடியில் எடுத்த இரண்டு சட்டைகள் முதல் துவைப்பிலேயே சுருங்கிப் போனதும், பழைய வழக்கத்துக்குத் திரும்பித் துணி எடுத்துத் தைத்துக்கொள்வது என்று முடிவு செய்தேன். நண்பர் ஒருவர் அழைத்துச் சென்ற தையற்கடையில் அதன்பின் மூன்று சட்டை, இரண்டு பேண்ட், என் தந்தைக்கு ஒரு வேட்டிச் சட்டை தைத்திருக்கிறோம். அவற்றை எட்டு மாதம் உடுத்தித் துவைத்துப் பார்த்த பிறகே இந்த மதிப்புரையை எழுதுகிறேன்.

மீனாட்சியம்மன் கோயிலின் கிழக்குக் கோபுரத்துக்கு எதிரே, திருமலை நாயக்கர் கட்டிய புது மண்டபத்தின் தூண்களுக்கு நடுவே தையல் இயந்திரங்கள் ஓடிக்கொண்டிருந்த காலத்தை மதுரைக்காரர்கள் மறந்திருக்க மாட்டார்கள். பட்டுப் பாவாடை, ரவிக்கை, சாமிக்குச் சாத்தும் துணி, பள்ளி ஆண்டு விழாவுக்கான மாறுவேட உடை என்று எல்லாமே அங்கே தைத்தார்கள். கோயில் பார்க்க வந்த வெளிநாட்டுப் பயணி தன் சட்டையை மாதிரிக்குக் கொடுத்துவிட்டுப் போனால், அவர் ஊரை விட்டுக் கிளம்புவதற்குள் அதேபோல ஒன்று கையில் கிடைத்துவிடும். மண்டபத்தைச் சீரமைத்துப் பாதுகாப்பதற்காகக் கடைகளைப் பக்கத்திலுள்ள குன்னத்தூர் சத்திரத்துக்கு மாற்றினார்கள். நான் எழுதுகிற தையற்காரரும் அந்த மண்டபத்தில் தொழில் பழகியவர்தான். இருப்பது இரண்டு இயந்திரம், ஒரே உதவியாளர். வருகிற வேலையையே முடித்துக் கொடுக்க முடியவில்லை என்பதால் கடையின் பெயரை எழுத வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார். அவருடைய விருப்பத்தை மதித்துப் பெயரை விடுகிறேன். எந்த ஊர்த் தையற்கடைக்குப் போனாலும் எதைப் பார்க்க வேண்டும் என்பதற்கு அவருடைய வேலையே நல்ல அளவுகோல் என்பதால், அதை மட்டும் விரிவாகச் சொல்கிறேன்.

அளவெடுப்பதை முதலில் சொல்ல வேண்டும். டேப்பைக் கையில் எடுப்பதற்கு முன், அவர் என்னை வாசல் வெளிச்சத்தில் நிற்கச் சொல்லிவிட்டு முன்னும் பின்னும் பார்த்துக்கொண்டிருந்தார். அளவெடுக்கப் போகிறார்கள் என்றதும் நம்மையறியாமல் நெஞ்சை நிமிர்த்தி வயிற்றை உள்ளே இழுத்துக்கொள்வது எல்லோருக்கும் உள்ள பழக்கம். நானும் அப்படித்தான் நின்றிருக்கிறேன். "மூச்ச விடுங்க சார், கையத் தொங்கப் போட்டு எப்பவும் நிக்கிற மாதிரி நில்லுங்க. சட்டையப் போட்டுக்கிட்டு நாள் பூரா மூச்சப் பிடிச்சுக்கிட்டா இருப்பீங்க?" என்றார். பிறகு என் இரண்டு தோளிலும் கையை வைத்துப் பார்த்துவிட்டு, "இடது தோளு கால் இஞ்ச் இறங்கியிருக்கு. தோள்ல பை மாட்டுவீங்களா?" என்று கேட்டார். கல்லூரிப் பையை இத்தனை ஆண்டுகளாக நான் மாட்டுவது இடது தோளில்தான். என் சட்டைகள் எல்லாம் ஏன் இடப்பக்கம் கழுத்தருகே மடிப்பு விழுந்து கிடக்கின்றன என்பது எனக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது.

ஆண்கள் நன்றாக உடுத்துவதைப் பற்றிப் பேசும் பலரும் நிறத்திலோ நிறுவனப் பெயரிலோ தொடங்குகிறார்கள். தோளிலிருந்து தொடங்க வேண்டும் என்பதே என் உறுதியான கருத்து. சட்டையின் தோள் தையல், தோள் எலும்பு முடிகிற இடத்தில் வந்து நிற்க வேண்டும். அங்கே பிசகிவிட்டால் மற்ற எதையும் சரிசெய்து பயனில்லை. மார்பு, இடுப்பு, கை நீளம் ஆகியவற்றைப் பிற்பாடு பிரித்துத் தைத்துவிடலாம், தோளைத் தொட்டால் கழுத்து, கை இரண்டையுமே பிரித்தாக வேண்டும். ஆயத்தச் சட்டைகள் மார்பளவையோ கழுத்தளவையோ வைத்தே பெரும்பாலும் எண்ணிடப்படுகின்றன. ஒரே மார்பளவுள்ள பத்துப் பேருக்குத் தோள் பத்து விதமாக இருக்கும்.

அடுத்ததாகக் கைக்குழி, அதாவது சட்டையின் உடலோடு கை சேரும் வளைவு. இது பெரிதாக இருந்தால் கையைத் தூக்க வசதி என்று நானும் நினைத்திருந்தேன். உண்மை அதற்கு நேர்மாறானது. கைக்குழி தாழ்ந்திருக்கும் சட்டையில், கரும்பலகையில் எழுதக் கையைத் தூக்கினால் பக்கத் துணி முழுவதும் கையோடு சேர்ந்து மேலே ஏறி, பேண்ட்டுக்குள் செருகிய சட்டை வெளியே வந்துவிடும். கைக்குழி அக்குளை ஒட்டி, உறுத்தாத அளவுக்கு உயர்ந்திருந்தால் கை மட்டும் மேலே போகும், சட்டை இருந்த இடத்தில் இருக்கும். இவர், பிறகு பிரித்துவிடக்கூடிய ஓட்டுத் தையல் மட்டும் போட்ட நிலையில் சட்டையை மாட்டிவிட்டு, பலகையில் எழுதுவதுபோலக் கையைத் தூக்கிக் காட்டச் சொன்னார். ஸ்கூட்டர் கைப்பிடியைப் பிடிப்பதுபோல இரண்டு கைகளையும் முன்னால் நீட்டச் சொன்னார். முதுகில் இழுத்த இடத்தில் சாக்பீஸால் ஒரு கோடு போட்டுக்கொண்டார். இப்படிப் போட்டுப் பார்க்கும் ட்ரையலைக் கல்யாணக் கோட்டுக்கு மட்டுமே செய்யும் கடைகள் பெருகிவிட்ட காலத்தில், சாதாரண வேலைநாள் சட்டைக்கு ஒருவர் இதைச் செய்வது எனக்கு மிகுந்த மகிழ்ச்சியளித்தது.

துணி விஷயத்தில் அவருக்குக் கண்டிப்பான ஒரு விதி உண்டு. பருத்தியாக இருந்தாலும் லினனாக இருந்தாலும், ஓர் இரவு தண்ணீரில் ஊறவைத்து நிழலில் உலர்த்திக் கொண்டுவந்தால்தான் கத்தரிக்கோலை வைப்பார். பருத்தித் துணி முதல் துவைப்பில் நூற்றுக்கு மூன்று முதல் ஐந்து பங்கு வரை சுருங்கக்கூடியது. முப்பது அங்குல உயரச் சட்டையில் அது ஒன்றரை அங்குலம் வரை ஆகும். துணியை ஆலையிலேயே சுருக்கிவிடும் சான்ஃபோரைசிங் முறைக்கு சான்ஃபோர்டு கிளூயெட் என்ற அமெரிக்கர் 1930இல் காப்புரிமை பெற்றார், அவர் பெயராலேயே அது இன்றும் வழங்குகிறது. அந்த முத்திரை உள்ள துணியையும் இவர் ஊறவைக்கத்தான் சொல்கிறார். அளவைப் பொறுத்தவரை, 58 அங்குல அகலத் துணியில் முழுக்கைச் சட்டைக்கு 1.60 மீட்டர் போதும். 36 அங்குல அகலமென்றால் இரண்டேகால் மீட்டருக்குக் குறையாமல் வேண்டும். கட்டம் போட்ட துணிக்குக் கூடுதலாகக் கால் மீட்டர் கேட்கிறார், காரணம் சட்டைப் பையின் கட்டமும் சட்டையின் கட்டமும் ஒரே கோட்டில் சேர வேண்டும். என் நீலக் கட்டச் சட்டையில் பை எங்கே தொடங்குகிறது என்று கண்டுபிடிக்கச் சற்று உற்றுப் பார்க்க வேண்டியிருக்கிறது.

தையலின் உட்புறம் வெளிப்புறத்தைப் போலவே சுத்தமாக இருக்கிறது. பக்கத் தையலின் ஓரத்தை நூலால் சுற்றியடிக்கும் ஓவர்லாக்கோடு விட்டுவிடாமல், துணியின் ஓரத்தை உள்ளே மடித்து இரட்டைத் தையலாக அடிக்கிறார், அதனால் எட்டு மாதத்தில் ஒரு நூல்கூட வெளியே தெரியவில்லை. அங்குலத்துக்குப் பதினாறு தையல் இருக்கிறது என்பதை ஸ்கேல் வைத்து எண்ணிப் பார்த்தேன். வீட்டில் இருந்த ஓர் ஆயத்தச் சட்டையில் பதினொன்றுதான் இருந்தது. பொத்தானைத் துணியோடு ஒட்ட வைத்துத் தைக்காமல், அடியில் நூலைச் சுற்றிச் சிறு கழுத்துப்போல விட்டிருக்கிறார். காஜாவுக்குள் பொத்தான் நெருக்கமில்லாமல் உட்கார்வதும், முன்பட்டி சுருங்காமல் இருப்பதும் இந்தச் சிறு வேலையால்தான்.

பேண்ட்டைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. பின் இடுப்பில் ஒன்றரை அங்குலத் துணியை உள்ளே மடித்து விட்டிருப்பதால், உடல் பருத்தால் பிரித்துக்கொள்ளலாம் என்பதுதான் பெரிய வசதி. கால் முனைச் சுற்றளவை 17 அங்குலம் வைக்க வேண்டும் என்று வற்புறுத்தினார். நான் 15 போதுமென்று பிடிவாதமாக நின்று வாங்கினேன். இதில் அவருடைய கண் சற்றுப் பழங்காலத்தில் நின்றுவிட்டது, தைக்கக் கொடுப்பவர்கள் தங்கள் விருப்பத்தை உறுதியாகச் சொல்லிவிடுவது நல்லது.

குறைகளும் உண்டு. பத்து நாளில் தருவதாகச் சொன்ன முதல் இரண்டு சட்டைகள் பத்தொன்பதாம் நாள்தான் கைக்கு வந்தன, இடையில் மூன்று முறை வீணாக நடந்தேன். அதைவிட முக்கியமான குறை காலரில் இருந்தது. வெள்ளைச் சட்டையின் காலருக்குள் பசையால் ஒட்டும் பியூசிங் துணியை வைத்திருந்தார். ஏழெட்டுத் துவைப்புக்குப் பின் இஸ்திரி போட்டபோது பசை விட்டு, காலரின் மேல்பகுதியில் கொப்புளம்போல எழும்பிவிட்டது. கொண்டுபோய்க் காட்டியதும் மறுபேச்சுப் பேசாமல் வாங்கிக்கொண்டார். மீதித் துணியில் புதுக் காலர் வெட்டி, உள்ளே பசையில்லாத கேன்வாஸ் துணி வைத்துத் தைத்துக் கொடுத்தார், காசு வாங்கவில்லை. அதன்பின் என் சட்டைகளுக்கெல்லாம் கேன்வாஸ் காலர்தான். விறைப்பு சற்றுக் குறைவு என்றாலும் கழுத்தில் இதமாக அமர்கிறது. முதலிலேயே கேன்வாஸ் கேட்டுப் பெறுங்கள்.

நிறத்தைப் பற்றி அவர் சொன்னதை எழுதாமல் விட எனக்கு மனமில்லை. நான் நல்ல கறுப்பு. துணிக்கடைகளில் சின்ன வயதிலிருந்தே "உங்க கலருக்கு இது எடுக்காது" என்று சொல்லிச் சொல்லி, மங்கிய சந்தன நிறத்தையும் வெளிர் சாம்பலையுமே என் முன்னால் விரித்திருக்கிறார்கள். அந்தச் சொல் மனத்தில் எவ்வளவு ஆழமாக இறங்கும் என்பது கேட்டு வளர்ந்தவர்களுக்குத் தெரியும். இவரிடம் வெளிர் சந்தனத் துணியைக் கொடுத்தபோது, அதை என் கன்னத்தருகே பிடித்துப் பார்த்துவிட்டு, தன் அலமாரியிலிருந்து அரக்கு நிறத் துண்டொன்றை எடுத்து அதே இடத்தில் வைத்துக் கண்ணாடியைக் காட்டினார். "பாருங்க, இது உங்க முகத்த எடுத்துக் காட்டுது. அது உங்களச் சோர்ந்து போன மாதிரி காட்டுது" என்றார். அரக்கு, கருநீலம், மயில் பச்சை, பளிச்சென்ற வெள்ளை ஆகியவை நம்மில் பெரும்பாலோரின் தோல் நிறத்துக்கு அழகாகப் பொருந்துபவை. நாற்பத்து நான்கு வயதில் முதன்முறையாக அரக்குச் சட்டை போட்டுக்கொண்டு வகுப்புக்குப் போனேன்.

கோட்டு தைப்பீர்களா என்று கேட்டேன். "அது வேற தொழில், சார். எனக்குச் சட்டையும் பேண்ட்டும்தான் கை வந்தது" என்று சொல்லிவிட்டார். தெரியாததைத் தெரியாது என்று சொல்பவரிடம் துணியைக் கொடுக்க நான் அஞ்சுவதில்லை. கூலி முழுக்கைச் சட்டைக்கு 450 ரூபாய், அரைக்கைக்கு 400, பேண்ட்டுக்கு 600. நல்ல பருத்தித் துணியோடு சேர்த்துக் கணக்குப் பார்த்தால் ஒரு சட்டை 1,200 ரூபாயில் முடிகிறது. தீபாவளிக்கு முந்தைய ஒன்றரை மாதமும், முகூர்த்தங்கள் நெருங்கிவரும் தை, வைகாசி மாதங்களும் அங்கே போக ஏற்ற காலமல்ல; ஆனியில் கொடுத்தால் பொறுமையாகத் தைத்து வாங்கலாம்.

வேட்டிச் சட்டையைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். வேட்டி கட்டி வந்தவரை கேளிக்கை மன்றங்களின் (கிளப்புகளின்) வாசலில் தடுக்கக் கூடாது என்று 2014இல் சட்டம் இயற்றிய மாநிலம் இது. ஆனாலும் வேட்டிக்கென்று சட்டை தைக்கத் தெரிந்தவர்கள் குறைந்து வருகிறார்கள் என்பது என் வருத்தம். பேண்ட்டுக்குள் செருகும் சட்டையின் அடிப்பகுதி வளைவாக இருக்கும், அதையே வேட்டியின் மேல் விட்டால் பக்கவாட்டில் இடுப்புக் கட்டு வெளியே தெரியும். வேட்டிச் சட்டைக்கு அடி நேராக இருக்க வேண்டும், இரு பக்கமும் மூன்று அங்குலத் திறப்பு வேண்டும், மடித்துக் கட்டும்போது தடுக்காத நீளம் வேண்டும்.

என் தந்தைக்கு 76 வயது, முதுகு நன்றாக வளைந்துவிட்டது. எந்தச் சட்டை போட்டாலும் முன்பக்கம் தொடை வரை தொங்கும், பின்பக்கம் மேலே ஏறி நிற்கும். கடை இருக்கும் சத்திரத்தின் படியேற அவருக்குச் சிரமம் என்று நான் சொன்னதும், தையற்காரர் டேப்பையும் நோட்டையும் எடுத்துக்கொண்டு கீழே ஆட்டோ நின்ற இடத்துக்கே வந்துவிட்டார். "ஐயா, நிமிர வேணாம், அப்படியே உக்காருங்க" என்று சொல்லி, பிடரியிலிருந்து முதுகின் வளைவு மேலாகவே டேப்பை ஓடவிட்டு ஓர் அளவும், கழுத்துக் குழியிலிருந்து முன்பக்கமாக வேறோர் அளவும் எடுத்தார். பின்பக்கத்தை முன்பக்கத்தைவிட இரண்டு அங்குலம் கூடுதலாக வெட்டினார். பேத்தியின் காதுகுத்துக்கு அப்பா அதைப் போட்டுக்கொண்டு நின்றபோது, சட்டையின் அடி முன்னும் பின்னும் ஒரே மட்டத்தில் இருந்தது. அன்றைக்குச் சட்டையைப் பிடித்துக் கீழே இழுத்துவிட அவர் கை ஒருமுறைகூடப் பின்னால் போகவில்லை.