பள்ளிக்கு ஏற்ற பிளாஸ்டிக் மழைமானி: வாங்கலாமா?

காலநிலை மாற்றத்துக்கு ஏற்பத் தகவமைவதை ஒன்பதாம் வகுப்புக்குச் சொல்லித்தர, சுவர்ப் படங்களைவிடப் புனல் வைத்த இந்த மழைமானி நன்றாக உதவுகிறது. 1 மி.மீ. மழை என்றால் 1 சதுர மீட்டரில் 1 லிட்டர். 100 சதுர மீட்டர் மொட்டைமாடியில் 20 மி.மீ. பெய்தால் 2,000 லிட்டர். சிதறல், ஆவியாதல் போக சுமார் 1,600 தேறும். மழைநீர்த் தொட்டி எவ்வளவு பெரிதாக வேண்டும் என்பதை மாணவர்களே கணக்கிட்டுவிடலாம். அருமையான பாடம் இது!

சுவரோரம் வைத்தால் அளவு குறையும். சுவரின் உயரத்தைப்போல் இரு மடங்காவது தள்ளி, மட்டம் பார்த்து நட வேண்டும். தினமும் காலை 8.30க்கு, கண்மட்டத்தில், நீர்ப்பரப்பின் அடிவளைவைப் படிக்க வேண்டும். புனலில் சருகு அடைப்பதுதான் பெரிய தொல்லை. அச்சிட்ட கோடுகள் வெயிலில் மங்கும். குழாயிலேயே வார்த்த கோடுகள் உள்ளதைக் கேட்டு வாங்குங்கள். விடுமுறையில் யார் குறிப்பது என்பதையும் பேசிவையுங்கள். விடுபட்ட நாளின் மழை மறுநாள் கணக்கில் ஏறிவிடும்.