திருச்சியா, கோவையா? மெக்கானிக்கல் படித்தவர்களுக்கு ஒரு கணக்கு

திருச்சி துவாக்குடியில் இரும்பை வெட்டி, வெல்டிங் வைக்கும் ஒரு ஃபேப்ரிகேஷன் யூனிட்டில் தரப் பரிசோதனை (குவாலிட்டி) பார்த்துவிட்டு, குடும்பத்தோடு கோவைக்கு வந்தவன் நான். வேலைக்கு எந்த ஊரில் குடியேறலாம் என்று கேட்டால், என் ஓட்டு கோவைக்குத்தான்.

வாடகையில் திருச்சி மலிவு; வெயிலுக்குக் கோவை தேவலை. இதெல்லாம் எல்லோருக்கும் தெரிந்ததுதான். நான் பார்ப்பது ஒன்றே ஒன்று: இருக்கிற வேலை போனால், வீட்டைக் காலி செய்யாமல் அடுத்த வேலை கிடைக்குமா?

திருச்சியின் பெரிய வேலைவாய்ப்புகள் பொன்மலை ரயில்வே பணிமனையிலும், 1960-களில் வந்த பெல் (BHEL என்ற பொதுத்துறை நிறுவனம்), துப்பாக்கித் தொழிற்சாலை ஆகியவற்றிலும் வேர் பிடித்தவை. துவாக்குடி, திருவெறும்பூர்ப் பட்டறைகளில் பெரும்பாலானவை அனல்மின் நிலையங்களுக்காக பெல் செய்யும் கொதிகலன் (பாய்லர்) ஆர்டரை நம்பித் தொடங்கியவை. 2010-களில் அனல்மின் நிலைய ஆர்டர்கள் சுருங்கியபோது பல பட்டறைகளுக்குப் பூட்டு விழுந்தது. எதிர் ஷெட்டில் போய் வேலை கேட்கலாம் என்றால், அவர்களுக்கும் அதே வாடிக்கையாளர்தான். வேலை வந்தால் எல்லோருக்கும் வரும், நின்றால் எல்லோருக்கும் நிற்கும்.

கோவையில் பம்பு, மோட்டார், கிரைண்டர், ஃபவுண்டரி (வார்ப்பாலை), நூற்பாலை இயந்திரம், வாகன உதிரிபாகம் என்று பல தொழில்கள். ஒன்று படுத்தால் இன்னொன்று ஓடும். கணபதி, ஆவாரம்பாளையம் சந்துகளில் நடந்து பாருங்கள். கேட்டில் கம்பியால் கட்டிய அட்டையில் ‘டர்னர், விஎம்சி ஆபரேட்டர் தேவை’ என்று எழுதி, கீழே செல் நம்பர் இருக்கும். (விஎம்சி என்பது கணினிக் கட்டுப்பாட்டில் உலோகம் வெட்டும் இயந்திரம்.) மழைக்காலத்தில் பம்பு ஆர்டர் குறைந்தபோது நான் ஃபவுண்டரியிலிருந்து உதிரிபாகக் கம்பெனிக்கு மாறினேன். வாடகை வீடும் மாறவில்லை, பிள்ளைகளின் பள்ளியும் மாறவில்லை. சம்பளம் அப்படியொன்றும் ஏறிவிடவில்லை என்பதையும் சொல்லத்தான் வேண்டும். சின்னப் பட்டறைகளில் பி.எஃப்., இ.எஸ்.ஐ. உண்டா என்று கேட்டுவிட்டுச் சேருங்கள். மின்கட்டணம் ஏறியதிலிருந்து குறுந்தொழில்காரர்களின் புலம்பலும் நிற்கவில்லை.

ஆனால் தொழில் கற்கத் திருச்சிதான். பாய்லர் தரத்துக்கு வெல்டிங் வைத்துப் பழகிய கைக்கு வளைகுடாவில் தனி மதிப்பு. விமானமும் ஊரிலேயே ஏறலாம். வெல்டிங்கின் எக்ஸ்ரே ஃபிலிமைப் பார்த்து, எது கசடு, எது வெடிப்பு என்று பிரிக்க நான் கற்றது துவாக்குடியில்தான். கோவையில் முதல் ஃபவுண்டரி வேலையை வாங்கித் தந்ததும் அதுதான்.

இனி நிலைமை மாறலாம். மின்னணுப் பொருள்கள் தயாரிக்கும் அமெரிக்க நிறுவனமான ஜேபில், திருச்சியில் 2,000 கோடி ரூபாய் முதலீடு, 5,000 பேருக்கு வேலை என்று 2024-இல் தமிழக அரசோடு ஒப்பந்தம் போட்டது. மின்னணுத் தொழில் நிஜமாகவே வேர்விட்டால், என் வாதத்தில் பாதி அடிபட்டுப் போகும். ராணுவத் தளவாடத் தயாரிப்புக்கான பாதுகாப்புத் தொழில் வழித்தடத்தில் இரண்டு ஊரும் இருப்பதால், அதை வைத்து நான் எந்தப் பக்கமும் சாயமாட்டேன். ஐ.டி.யில் எனக்கு இருப்பது கேள்வி ஞானம் மட்டும். கோவை சரவணம்பட்டியில் கம்பெனிகள் அதிகம், திருச்சி நவல்பட்டில் குறைவு. அதற்கு மேல் அங்கே வேலை பார்க்கிறவர்களைக் கேளுங்கள்.

அப்புறம், பெல்லிலோ துப்பாக்கித் தொழிற்சாலையிலோ நிரந்தர வேலைக்கே ஆர்டர் வந்துவிட்டதென்றால் இந்தக் கணக்கெல்லாம் வேண்டாம். திருச்சிக்கு ரயில் ஏறிவிடுங்கள்.