ஏழு வாரம், ஒரே சுவிசேஷம்: 'கிறிஸ்டியானிட்டி எக்ஸ்ப்ளோர்ட்' வகுப்பு விமர்சனம்

கிறிஸ்தவ விசுவாசத்தைப் பற்றி விசாரிக்க வருகிறவர்களுக்காக, லண்டன் லாங்கம் பிளேஸில் உள்ள ஆல் சோல்ஸ் ஆலயத்தில் உருவான வகுப்பு இது. ரிக்கோ டைஸ், பாரி கூப்பர் இருவரும் எழுதியது. 2001இல் முதலில் வெளிவந்தது. ஜான் ஸ்டாட் 1950 முதல் 1975 வரை போதகராக இருந்த ஆலயம் அது. அந்த வளர்ப்பு வகுப்பிலும் தெரிகிறது: வசனத்தைத் திறந்து வை, மற்றதை வசனம் பார்த்துக்கொள்ளும். உருக்கமாகப் பாடி, கண்களை மூடச் சொல்லி, கை தூக்க வைக்கிற வேலை இங்கே கிடையாது. விசாரிக்க வந்தவரை மாற்கு சுவிசேஷத்தை முழுவதுமாக வாசிக்க வைக்கிறார்கள். இயேசு யார், ஏன் வந்தார், தம்மைப் பின்பற்றுகிறவர்களிடம் என்ன கேட்கிறார் என்ற மூன்றும் அதற்குள்ளேயே இருக்கின்றன.

ஒரு மாலைக்குச் சுமார் இரண்டு மணி நேரம் ஒதுக்கவேண்டும். முதலில் சாப்பாடு, பிறகு மேசையைச் சுற்றி வேதபாடம், பிறகு காணொளி அல்லது ஊழியரின் பேச்சு, கடைசியில் கலந்துரையாடல். விருந்தினருக்கு ஒரு கையேடு, நடத்துகிறவருக்குத் தனிக் கையேடு. ஒரு மேசைக்கு நடத்துகிறவர்களையும் சேர்த்து எட்டுப் பேர் போதும். அதைத் தாண்டினால் இரண்டு பேர் பேசுவார்கள், மற்றவர்கள் காபியைக் கலக்கிக்கொண்டிருப்பார்கள். வீட்டில் வாசிக்கவும் வாரந்தோறும் பகுதி உண்டு. மாற்கு மொத்தம் 16 அதிகாரம், 678 வசனம். ஒரே மூச்சில் சத்தமாக வாசித்தாலும் ஒன்றரை மணி நேரத்தில் முடிந்துவிடும், ஆகவே வாரக்கணக்கில் பிரித்தால் யாருக்கும் பாரமாகாது.

முழு வேதாகமத்தைக் கையில் கொடுக்காமல், மாற்கு மட்டும் தனிப் பிரதியாகக் கொடுப்பது நல்லது. புதியவருக்கு மாற்கு எங்கே இருக்கிறது என்று தேடுவதே கூச்சமாகிவிடும். பழைய சபைக்காரரோ இரண்டாவது கேள்விக்கே ரோமர் நிருபத்துக்குப் போய்விடுவார். தனிப் பிரதி இருவரையும் ஒரே பக்கத்தில் நிறுத்தும். கூடவே ஒரு பென்சில் கொடுத்து, புரியாத இடத்தில் கேள்விக்குறி போட்டு வரச் சொல்லுங்கள். அடுத்த வாரப் பேச்சுக்கு அதுவே போதும்.

வாரங்களின் வரிசை இப்படிப் போகிறது: நற்செய்தி, இயேசு யார், பாவம், சிலுவை, உயிர்த்தெழுதல், கிருபை, கடைசியாக 'வந்து மரி' (வந்து உயிரை விடு என்ற அழைப்பு). முதல் இரண்டு வாரத்தில் யாருக்கும் சிரமமில்லை. கடல் அமர்ந்ததும் சீஷர்கள் முன்னைவிட அதிகமாகப் பயந்ததை மட்டும் கவனிக்கச் சொன்னால் போதும். மூன்றாம் வாரத்தில் மேசை அமைதியாகிவிடும். கூரையைப் பிரித்து இறக்கப்பட்ட திமிர்வாதக்காரன் கேட்டு வந்தது சுகம். அவனுக்கு முதலில் கிடைத்தது பாவமன்னிப்பு. 'நடக்க முடியாதவனிடம் போய் இதையா சொல்வது?' என்று யாராவது முகம் சுளித்தால் வகுப்பு சரியாகப் போகிறது என்று அர்த்தம். அந்த நேரத்தில் நடத்துகிறவர் சமாதானம் சொல்ல அவசரப்படக்கூடாது. இயேசுவுக்கு ஏன் அது முதல் தேவையாகத் தெரிந்தது என்று கேள்வியை வசனத்திடமே திருப்பவேண்டும். இந்த வாரத்தை மென்மையாக்கிவிட்டால் ஆறாம் வாரத்தில் சொல்ல எதுவும் மிஞ்சாது. கடன் இருப்பதே தெரியாதவருக்குத் தள்ளுபடிச் செய்தி எதற்கு?

நாலாம் வாரப் பாடம் மிக அழகாகக் கட்டப்பட்டது. பெத்சாயிதாவின் குருடனுக்கு முதல் தொடுதலில் மனுஷர் மரங்களைப்போலத் தெரிகிறார்கள், இரண்டாவதில்தான் தெளிவு வருகிறது. அடுத்த வசனங்களிலேயே 'நீர் கிறிஸ்து' என்று அறிக்கை செய்த பேதுரு, சிலுவை என்றதும் இயேசுவையே கடிந்துகொள்கிறான். பாதிப் பார்வை என்றால் என்ன என்பதை இதைவிடத் தெளிவாக எந்தப் பிரசங்கமும் காட்டிவிட முடியாது. இரண்டையும் தொடர்ந்து வாசிக்க வைத்துவிட்டு, இணைப்பைச் சொல்லாமல் விடுங்கள். மேசையில் ஒருவராவது கண்டுபிடித்துவிடுவார்.

வகுப்பின் உயிர் ஆறாம் வாரத்துக்கும் ஏழாம் வாரத்துக்கும் இடையில் இருக்கிறது. ஆறில் சிறுபிள்ளைகள்: கொடுக்கக் கையில் ஒன்றுமில்லாதவர்கள், அணைத்துக்கொள்ளப்படுகிறார்கள். கையேட்டோடு நிற்காமல், அடுத்து வருகிற ஐசுவரியவான் சம்பவத்தையும் 10:22 வரை வாசிப்பது பலன் தரும். கற்பனைகளையெல்லாம் சிறுவயது முதல் கைக்கொண்டவன், 'நான் என்ன செய்யவேண்டும்' என்று கேட்டவன், துக்கத்தோடு போகிறான். 'பரலோகத்தில் உங்களை ஏன் சேர்க்கவேண்டும் என்று தேவன் கேட்டால் என்ன சொல்வீர்கள்?' என்று இங்கே மேசையைக் கேட்கலாம். 'நான்' என்று தொடங்குகிற பதில்களை எண்ணிப் பாருங்கள். ஆலயத்துக்குப் போகிறேன், காணிக்கை கொடுக்கிறேன், யாருக்கும் கெடுதல் நினைக்கவில்லை என்று மூன்று தலைமுறைக் கிறிஸ்தவர்களிடமிருந்துதான் அவை அதிகமாக வரும். இந்த வகுப்பு அவர்களுக்கே அதிகம் தேவை என்பது அப்போது புரியும்.

ஏழாம் வாரம் மாற்கு 8:34: 'தன்னைத்தான் வெறுத்து, தன் சிலுவையை எடுத்துக்கொண்டு, என்னைப் பின்பற்றக்கடவன்.' ஆறாம் வாரம் இலவசம் என்று சொல்லிவிட்டு ஏழாம் வாரம் ரசீதை நீட்டுகிறார்களே என்று விருந்தினருக்குத் தோன்றினால் தவறு அவருடையதல்ல. இந்த ஆபத்து எழுதியவர்களுக்குத் தெரியும். அதனால்தான் இடையில் ஒரு முழுநாள் கூடுகை வைத்திருக்கிறார்கள்: விதைக்கிறவன் உவமை, யாக்கோபும் யோவானும், ஏரோது ராஜா. இரண்டாவதில்தான் முடிச்சு அவிழ்கிறது. பதவி கேட்டு வந்த சகோதரரிடமும், வழியோரம் உட்கார்ந்து கூப்பிட்ட பர்திமேயுவிடமும் இயேசு கேட்பது ஒரே கேள்வி: உனக்கு நான் என்ன செய்யவேண்டும்? சீஷர்கள் ஆசனம் கேட்டார்கள், அவன் பார்வை கேட்டான். 'நீ போகலாம், உன் விசுவாசம் உன்னை இரட்சித்தது' என்று இயேசு அனுப்பிவிட்ட பிறகும், பார்வை கிடைத்த அவன் எருசலேமுக்கு, அதாவது சிலுவைக்குப் போகிற அதே வழியில் பின்செல்கிறான். யாரும் கட்டாயப்படுத்தவில்லை. கிருபை பெற்றவன் ஏன் சிலுவையைத் தூக்குகிறான் என்பதற்கு மாற்கு தரும் பதில் இந்த ஒரு ஆள்.

ஆனால் சபைகள் முதலில் வெட்டுவது இந்த முழுநாளைத்தான். மண்டபம் கிடைக்கவில்லை, சனிக்கிழமை கல்யாணம் என்று காரணங்கள் இருக்கும். முழுநாள் முடியாவிட்டால் மாற்கு 10:35-52 மட்டுமாவது ஒரு மாலையில் நடத்திவிட்டு ஏழுக்குப் போங்கள். எட்டு வாரமானால் குடி முழுகிவிடாது.

இனி குறைகள். காணொளி உதாரணங்களில் இங்கிலாந்து வாடை தூக்கல். நம் மேசைகளில் ஊழியரே பேசுவது மேல். பரிசுத்த ஆவியானவரைப் பற்றிச் சொல்வது குறைவு, ஞானஸ்நானமும் திருவிருந்தும் ஓரமாகவே நிற்கின்றன. எல்லாம் தனிமனித முடிவாகவே போகிறது. ஒருவர் மனந்திரும்பினால் வீட்டில் என்ன நடக்கும், பண்டிகையன்று என்ன செய்வார், அம்மா அப்பாவிடம் எப்படிச் சொல்வார் என்பதற்கெல்லாம் இதில் இடமில்லை. அதை நடத்துகிறவர்தான் தனியாக உட்கார்ந்து பேசவேண்டும், அதுவும் ஏழாம் வாரத்துக்கு முன்பே. கடைசி இரவில் ஜெபம் செய்தவரை அடுத்த ஞாயிறே தண்ணீரில் இறக்குகிற அவசரமும் வேண்டாம்.

விசாரிக்க வருகிறவர்களுக்கான இன்னொரு வகுப்பான ஆல்ஃபாவோடு ஒப்பிடாமல் முடியாது. அது 1977இல் லண்டனின் ஹோலி டிரினிட்டி பிராம்ப்டன் ஆலயத்தில் தொடங்கி, 1990இல் நிக்கி கம்பல் பொறுப்பேற்றபின் உலகம் முழுவதும் பரவியது. விருந்தோம்பலிலும் ஆவியானவரைப் பற்றிய வாரஇறுதியிலும் ஆல்ஃபா மேல். தயங்கித் தயங்கி வருகிறவர் அங்கே சீக்கிரம் ஒட்டிக்கொள்வார். பாவம், கிருபை இரண்டையும் தெளிவாகப் பிடித்துக் காட்டுவதில் இது மேல். சபைக்குள்ளேயே வளர்ந்து, எல்லாம் தெரியும் என்று இருக்கிறவர்களுக்கு என்றால் யோசிக்காமல் இதையே எடுங்கள்.

முடித்தவர்களுக்கு அதே குழுவினரின் 'டிசைப்பிள்ஷிப் எக்ஸ்ப்ளோர்ட்' இருக்கிறது: எட்டுப் பாடம், பிலிப்பியர் நிருபம் முழுவதும். அதில் 2:12-ஐ நடத்தும்போது 'பயத்தோடும் நடுக்கத்தோடும்' என்ற இடத்தில் மணியைப் பார்த்து ஜெபித்து முடித்துவிடாதீர்கள். விருப்பத்தையும் செய்கையையும் தேவனே உண்டாக்குகிறார் என்ற 13-ஆம் வசனத்தையும் அன்றே வாசித்துவிட்டு அனுப்புங்கள். ஏழு வாரம் ஒதுக்க முடியாதவர்களுக்கு, லூக்கா சுவிசேஷத்தை வைத்து மூன்றே பாடமுள்ள 'ஹோப் எக்ஸ்ப்ளோர்ட்' உண்டு. கிறிஸ்துமஸ் ஆராதனைக்கு வந்தவர்களை ஜனவரியில் அழைக்க அது போதும்.