16 பைட்டில் அடங்காத கண்ணன்: சி மொழியில் சரத்தை நகலெடுக்க எதை நம்பலாம்?

பெங்களூரு பொம்மனஹள்ளியில் ஓர் ஆயத்த ஆடைத் தொழிற்சாலை வாசலில் எங்கள் வருகைப் பதிவுக் கருவியை மாட்டிய முதல் நாள். காலை ஷிஃப்டுக்கு வந்த ஒருவர் அட்டையைக் காட்டினார். திரையில் 'கண்ணன' என்று வந்தது. அதை ஒட்டி உடைந்த கட்டம் ஒன்று, அதையும் ஒட்டி 'தையல்'. தையல் என்பது அவர் வேலை பார்க்கும் பிரிவு. அடுத்த வரியில் வர வேண்டிய சொல் பெயரோடு ஒட்டிக்கொண்டுவிட்டது.

பெயருக்கு 16 பைட், அதை அடுத்துப் பிரிவுக்கு 16 பைட் என்று ஒதுக்கியிருந்தோம். ஆங்கிலப் பெயர்களை வைத்துச் சோதித்தபோது எந்தக் குறையும் தெரியவில்லை. எழுத்துகளைப் பைட்டுகளாகச் சேமிக்கும் யூடிஎஃப்-8 முறையில் தமிழின் ஒவ்வொரு குறியீட்டுக்கும் 3 பைட் வேண்டும், கன்னடத்துக்கும் அப்படியே. கண்ணன் என்பது க, ண, புள்ளி, ண, ன, புள்ளி என 6 குறியீடு, ஆக 18 பைட். நகலெடுத்தது ஸ்டர்-என்-காப்பி என்ற சி மொழிச் செயற்கூறு. அது 16 பைட்டை நிரப்பிவிட்டு, சரம், அதாவது எழுத்துத் தொடர், முடிந்தது என்று சொல்லும் நல் பைட்டை (பூஜ்யத்தை) வைக்காமலே நின்றுவிட்டது. காட்டும் நிரல் எங்கே நிறுத்துவது என்று தெரியாமல் அடுத்த புலத்துக்குள் போயிற்று.

இதைப் பிழை என்று சொல்ல முடியாது. அந்தச் செயற்கூறின் இயல்பே அது. பழைய யூனிக்ஸின் கோப்பகப் பதிவுகளில் கோப்புப் பெயருக்கு 14 பைட் என்று நிலையான இடம் இருந்தது. அப்படிப்பட்ட புலங்களை நிரப்பப் பிறந்ததுதான் ஸ்டர்-என்-காப்பி. பெயர் சிறியதாக இருந்தால் மீதி இடம் முழுவதையும் பூஜ்யத்தால் நிரப்பும், இடம் சரியாக நிறைந்தால் நல் வைக்காது. எல்லை கேட்கிறது என்பதாலேயே இதை 'பாதுகாப்பான ஸ்டர்காப்பி' என்று கல்லூரிகளில் சொல்லித் தருவது எனக்கு உண்மையிலேயே வருத்தம் தருகிறது. ஸ்டர்காப்பி எல்லையே பார்க்காது என்பது எல்லோருக்கும் தெரியும், அதனால் அதைக் கண்டால் எச்சரிக்கையாக இருப்போம். இதைக் கண்டால் அயர்ந்துவிடுகிறோம்.

கடைசி பைட்டில் கையால் பூஜ்யம் வைத்துவிடலாமே என்று பலர் சொல்வார்கள். வைக்கலாம். ஆனால் அளவைத் தெரிந்துகொள்ள சைஸ்ஆஃப் எழுதிய இடம் ஒரு செயற்கூறுக்குள் இருந்து, பஃபர் (நகல் போய்ச் சேரும் இடம்) அங்கே சுட்டியாக, அதாவது வெறும் நினைவக முகவரியாக, வந்திருந்தால், கிடைப்பது பஃபரின் அளவு அல்ல, சுட்டியின் அளவு. எங்கள் 32 பிட் சில்லில் அது 4. நல்லுக்கு ஒன்று போக மீதி 3 பைட், அதாவது கண்ணனுக்கு வெறும் 'க'.

அன்று மாலையே ஸ்டர்-எல்-காப்பிக்கு மாறினோம். டாட் மில்லரும் தியோ டி ராட்டும் உருவாக்கி, 1998இல் ஓபன்பிஎஸ்டி இயங்குதளத்தில் வந்தது இது. நல் பைட்டை எப்போதும் வைக்கும். மூலச் சரத்தின் முழு நீளத்தைத் திருப்பித் தரும். அது பஃபரின் அளவுக்குச் சமமாகவோ அதிகமாகவோ இருந்தால் சரம் வெட்டுப்பட்டது என்று பொருள். லினக்ஸின் சி நூலகமான ஜிலிப்சி இதை நெடுங்காலம் ஏற்கவில்லை, 2023இல் 2.38ஆம் பதிப்பில்தான் சேர்த்தது.

மறுநாள் காலை 'கண்ணன' தனியாக வந்தது. பக்கத்து வரி தப்பியது. அடுத்து வந்த அக்காவின் பெயர் செல்வி. அதுவும் 18 பைட். முதல் 15 பைட் மட்டும் நகலானதால் திரையில் 'செல்வ' என்று நின்றது. "நான் செல்வி, தம்பி. சம்பளச் சீட்டிலும் இப்படித்தான் வருமா?" என்று கேட்டார். நினைவகத்தில் ஒரு பைட் கூட எல்லை தாண்டவில்லை. ஆனாலும் அவர் பெயர் தவறு. திருப்பித் தந்த நீளத்தை நாங்கள் பார்க்கவே இல்லை.

இந்தக் கேள்விக்குப் பிறகு நான் ஒப்பிடும் அளவுகோல் மாறிவிட்டது. பஃபரைத் தாண்டாமல் இருப்பது குறைந்தபட்சத் தகுதிதான். அடங்கவில்லை என்பதை எது தெளிவாகச் சொல்கிறது என்று பார்க்கிறேன்.

வடிவமைத்த வரியைப் பஃபரில் எழுதும் எஸ்என்பிரின்டெஃப் சொல்கிறது. சி99 தரம் தொடங்கி மொழியிலேயே இருப்பதால் ஏறக்குறைய எங்கும் கிடைக்கும். நல் வைக்கும், தேவைப்பட்ட நீளத்தைத் தரும், பிழையானால் எதிர்ம எண் தரும். ஆனால் எதை எப்படி எழுதுவது என்று சொல்லும் வடிவச் சரத்தை அலசும் வேலை கூடுதல், சிறிய சில்லில் நிரலின் அளவும் வீங்கும். பயனர் தந்த பெயரையே வடிவச் சரமாகக் கொடுத்துவிட்டால் அது தாக்குபவருக்குத் திறந்த கதவு. பல துண்டுகளைச் சேர்த்து ஒரு வரி ஆக்க இதையே எடுப்பேன், வெறும் நகலுக்கு எடுக்க மாட்டேன்.

ஸ்டர்காப்பி-எஸ் சி11 தரத்தின் விருப்ப இணைப்பில் உள்ளது. மைக்ரோசாஃப்ட் கருவிகளில் கிடைக்கும், ஜிலிப்சியில் இல்லை. விண்டோஸுக்கு மட்டும் எழுதுபவர் பயன்படுத்தலாம்.

ஸ்டர்-எல்-காப்பிக்கும் ஒரு குறை உண்டு. நீளம் சொல்வதற்காக மூலத்தை நல் வரும்வரை படித்துக்கொண்டே போகும். அட்டையிலிருந்தோ வலையிலிருந்தோ வந்த தரவில் நல் இல்லாவிட்டால் அங்கேயே எல்லை மீறல். லினக்ஸின் உட்கருவான கெர்னல் ஸ்டர்-எஸ்-காப்பி என்ற தன் சொந்தச் செயற்கூறுக்கு மாறி, 2024இல் 6.8ஆம் பதிப்பில் ஸ்டர்-எல்-காப்பியை நீக்கிவிட்டதற்கு இது முக்கியக் காரணம். அப்படிப்பட்ட தரவுக்கு நீளம் முன்பே தெரிந்திருக்கும். நீளத்தைச் சோதித்து, சொன்ன எண்ணிக்கை பைட்டை அப்படியே நகலெடுக்கும் மெம்காப்பி போட்டு, நல்லை நாமே வைப்பதுதான் எனக்குப் பிடித்த வழி.

யூடிஎஃப்-8 எல்லை பார்த்து வெட்டினால் போதும் என்று ஒரு நண்பர் சொன்னார். உடைந்த கட்டம் வராது, உண்மை. ஆனால் 'செல்வ' என்பதும் சரியான எல்லையில் வெட்டப்பட்டதுதான். புள்ளியும் கொம்பும் தனிக் குறியீடுகளாக இருக்கும் எழுத்தில், பைட் கணக்கு எவ்வளவு கவனமாக இருந்தாலும் பெயர் மாறிவிடும்.

இப்போது பெயருக்கு 64 பைட் வைத்திருக்கிறோம்: 21 குறியீடு, ஒரு நல். நகலெடுப்பது ஸ்டர்-எல்-காப்பி, அது தரும் எண் 64ஐ எட்டினால் கருவி அந்தப் பெயரைச் சேமிக்காது. பதிவு மேசையிலேயே 'பெயர் அடங்கவில்லை' என்று காட்டும். எப்படிச் சுருக்குவது என்பதை அங்கே எதிரே நிற்கும் பெயருக்கு உரியவரிடமே கேட்டுக்கொள்கிறார்கள்.