நண்பர்கள் டீக்கு வருகிறார்கள்: ஒரே பாத்திரமா, டிக்காஷனா, இலைத் தேயிலையா?

மூன்று வருடங்களுக்கு முன்பு ஒரு ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம், கல்லூரித் தோழிகளைக் குடும்பத்தோடு டீக்கு அழைத்திருந்தேன். கோவையில் எங்கள் வீட்டு மொட்டை மாடியில் பாய் விரித்து, பதினோரு பேர். ஒருவருக்குச் சர்க்கரை கூடாது, ஒருவருக்கு ஸ்ட்ராங், ஒருவருக்கு இஞ்சி தட்டிப் போட வேண்டும், இன்னொருவர் பாலே சேர்ப்பதில்லை. அவரவர் கேட்டபடியே டீ போய்ச் சேர்ந்தது. பஜ்ஜியும் சுடச்சுடப் போனது. கிளம்பும்போது ஒரு தோழி என் கையைப் பிடித்துக்கொண்டு, "எல்லாம் நல்லா இருந்துச்சு. ஆனா நீ எங்ககூட உட்காரவே இல்லையேடி" என்றாள். அவர்கள் மேலே இரண்டரை மணி நேரம் பேசியிருக்கிறார்கள். அதில் நான் கேட்டது பத்து நிமிடம்கூட இருக்காது.

அந்த வார்த்தை மனதை விட்டுப் போகவே இல்லை. அதன் பிறகு ஒவ்வொரு முறை நண்பர்கள் வரும்போதும் டீ போடும் முறையை மாற்றிப் பார்த்தேன். ருசி எப்படி, இரண்டாவது சுற்று டீ எவ்வளவு சுலபமாக வருகிறது, அழைத்தவர் எவ்வளவு நேரம் உட்கார முடிகிறது, இந்த மூன்றையும் வைத்துத்தான் இங்கே ஒப்பிடுகிறேன். மூன்றாவதுக்குத்தான் என்னிடம் மதிப்பு அதிகம்.

எல்லாம் சேர்த்துக் கொதிக்க வைக்கும் டீ

நம் வீடுகளில் பெரும்பாலும் போடுவது இதுதான். தண்ணீர், பால், தூள், சர்க்கரை எல்லாம் ஒரே பாத்திரத்தில். நாலைந்து பேர் என்றால் ருசியில் இதை எதுவும் மிஞ்சாது என்பேன். பாலோடு சேர்ந்து கொதிக்கும்போது தூளின் துவர்ப்பு அடங்கிவிடும். பால் கொஞ்சம் சுண்டி, ஒரு கெட்டித்தன்மையும் லேசான இனிப்பும் வரும். மழை பெய்யும் சாயங்காலத்தில் இஞ்சியும் ஏலக்காயும் தட்டிப் போட்ட டீயின் வாசனை வீட்டுக்குள் பரவும்போது, யாரையும் கூப்பிடவே வேண்டாம். எல்லோரும் சமையலறை வாசலில் வந்து நின்றுவிடுவார்கள்.

இஞ்சி போடுகிறவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். பச்சை இஞ்சியில் பாலைத் திரிய வைக்கும் நொதி ஒன்று இருக்கிறது. தண்ணீரில் முதலிலேயே போட்டு நன்றாகக் கொதிக்கவிட்டால் அது செயலிழந்துவிடும். அப்புறம் பாலைச் சேர்க்கலாம். வெல்லமோ நாட்டுச் சர்க்கரையோ போடுவதாக இருந்தால் அடுப்பை அணைத்த பிறகுதான். இரண்டு லிட்டர் டீ மொத்தமாகத் திரிந்து போனால், வந்தவர்கள் முன்னால் மறுபடி பால் வாங்க ஆள் அனுப்ப வேண்டியிருக்கும்.

ஆனால் ஆட்கள் எட்டுப் பேரைத் தாண்டினால் இந்த முறை தடுமாறுகிறது. வீட்டு அடுப்பில் அவ்வளவு பாலும் தண்ணீரும் கொதி வருவதற்குக் கால் மணி நேரத்துக்கு மேல் ஆகும். அதுவரை நகர முடியாது, கண்ணை எடுத்தால் பொங்கி வழிந்துவிடும். எல்லோருக்கும் ஒரே சர்க்கரை, ஒரே ஸ்ட்ராங். மீந்ததைச் சூடு பண்ணினால் கசக்கும். பிளாஸ்கில் ஊற்றி வைத்தால் அரை மணி நேரத்தில் நிறம் மங்கி, பழைய டீ வாசம் வந்துவிடும். இரண்டாவது சுற்றுக்கு முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டியதுதான். அதாவது மறுபடி இருபது நிமிடம் சமையலறையில்.

டிக்காஷன் தனி, பால் தனி

டீக்கடைக்காரர் காலையிலிருந்து ராத்திரி வரை நூற்றுக்கணக்கான பேருக்கு, ஒவ்வொருவர் கேட்பதையும் கேட்டபடி கொடுக்கிறாரே, எப்படி? அவர் ஒரு டீயையும் தனியாகக் கொதிக்க வைப்பதில்லை. ஒரு பக்கம் பால் சூடாக இருக்கும், இன்னொரு பக்கம் துணியில் வடித்த டிக்காஷன். கிளாஸில் சர்க்கரை, டிக்காஷன், பால், ஒரு ஆற்று. லைட், மீடியம், ஸ்ட்ராங், சர்க்கரை கம்மி, பால் இல்லாமல் எல்லாமே அந்த இரண்டிலிருந்தே வந்துவிடுகின்றன. இதை வீட்டில் செய்ய எனக்கு ஏன் இவ்வளவு நாள் தோன்றவில்லை என்று இன்றும் வருத்தம் உண்டு.

பன்னிரண்டு பேருக்கு என் கணக்கு இது: 750 மில்லி தண்ணீர், 30 கிராம் தூள், ஒரு லிட்டர் கெட்டிப் பால். தண்ணீர் தளதளவென்று கொதித்ததும் தூளைப் போட்டு, சிறு தீயில் இரண்டு நிமிடம். அணைத்துவிட்டு மூடி மூன்று நிமிடம். பிறகு வடித்து, வெந்நீர் ஊற்றிச் சூடாக்கிய பிளாஸ்கில் ஊற்றிவிடுவேன். வடிகட்டியில் இருக்கும் தூளைக் கரண்டியால் அழுத்திப் பிழியக் கூடாது, கசப்பெல்லாம் இறங்கிவிடும். பாலைக் காய்ச்சி இன்னொரு பிளாஸ்கில் ஊற்றினால் ஆடை படியாது. சர்க்கரை ஒரு கிண்ணத்தில், நாட்டுச் சர்க்கரை இன்னொன்றில். இரண்டு பிளாஸ்கும் மேலே போய்விடும். கூடவே நானும்.

இதற்குச் சி.டி.சி. தூள்தான் சரி. 1930களில் அசாமில் வந்த இயந்திர முறை அது. பல் வைத்த உருளைகளுக்கு நடுவே இலையை விட்டு நசுக்கி, கிழித்து, சின்னக் குருணையாக்கிவிடுகிறார்கள். அதனால் கொதிநீர் பட்டதும் நிறமும் சாரமும் வேகமாக இறங்கும், பால் ஊற்றினாலும் டீ ருசி மேலே நிற்கும். நம் கடைகளில் கிடைக்கும் டஸ்ட் டீ பெரும்பாலும் இதுதான். ரேஷன் கடையில் விற்கும் ஊட்டி டீயும் இந்த வேலைக்கு நன்றாகவே இருக்கிறது. நீலகிரியின் சிறு விவசாயிகள் பறிக்கும் இலையை வாங்கும் கூட்டுறவுத் தொழிற்சாலைகளின் இணையமான இன்கோசர்வ் தயாரிப்பது. விலை குறைவு என்பதால் அதை விருந்தாளிகளுக்குக் கொடுக்கத் தயங்க வேண்டியதே இல்லை.

குறை இல்லாமல் இல்லை. பாலோடு கொதித்த டீயின் அந்தக் கெட்டியான ருசி இதில் முழுதாக வராது. தண்ணீர்ப் பாலாக இருந்தால் டீ சப்பென்று ஆகிவிடும், அதனால் பாலில் மட்டும் கைச்சிக்கனம் பார்க்காதீர்கள். டிக்காஷனும் ஒரு மணி நேரத்துக்கு மேல் நிற்காது. அதற்குள் இரண்டு சுற்று முடிந்துவிடும் என்பதால் எனக்கு அது தடையாக இருந்ததில்லை.

இலைத் தேயிலை, டீ பாட்

கோத்தகிரியில் ஒரு நண்பர் வீட்டில்தான் முதல் தடவை இப்படிக் குடித்தேன். பால் கிடையாது. பீங்கான் டீ பாட்டில் முழு இலை, அதன்மேல் கொதிநீர், நாலு நிமிடம். தேன் நிறத்தில் ஒரு டீ. வாயில் வைத்ததும் பூ வாசம். அவர்கள் குடும்பம் இலங்கையிலிருந்து திரும்பி வந்தது. 1964 சிறிமாவோ–சாஸ்திரி ஒப்பந்தத்துக்குப் பிறகு தாயகம் திரும்பிய தோட்டத் தொழிலாளர்களுக்கு வேலை தரத்தான் தமிழ்நாடு அரசு 1968இல் நீலகிரியில் தேயிலைத் தோட்டம் போட ஆரம்பித்தது. அதுதான் பிறகு டேன்டீ என்ற அரசுத் தேயிலைத் தோட்டக் கழகம் ஆனது. அந்த வீட்டில் பால் இல்லாத டீக்குப் பெயர் பிளேன் டீ. சர்க்கரையைக் கலக்காமல், உள்ளங்கையில் ஒரு துண்டு வெல்லம் கொடுத்தார்கள். ஒரு கடி, ஒரு மடக்கு. யாழ்ப்பாணத்தில் இதே போலப் பனங்கட்டியைக் கடித்துக்கொண்டு தேத்தண்ணி குடிப்பார்கள். சர்க்கரை எவ்வளவு என்று யாரையும் கேட்க வேண்டாத அருமையான ஏற்பாடு இது.

இலைத் தேயிலையை நசுக்காமல் உருட்டித்தான் எடுக்கிறார்கள், அதனால் சாரம் மெதுவாக இறங்கும். ஒரு கப்புக்கு இரண்டு கிராம் போதும். ஆனால் இலை பெரிதாக இருப்பதால் அது குவித்த ஒரு ஸ்பூன் வரும். கொதிக்க வைக்கவே கூடாது. நாலு நிமிடத்துக்கு மேல் இலையோடு விட்டாலும் துவர்க்கும். பரிமாறும்போது ஒரு கப்பை நிறைத்துவிட்டு அடுத்ததுக்குப் போகாமல், எல்லாவற்றிலும் பாதி பாதி ஊற்றி, திரும்பி வரும்போது நிறைக்க வேண்டும். இல்லாவிட்டால் முதல் ஆளுக்கு லேசாகவும் கடைசி ஆளுக்குக் கஷாயமாகவும் போகும். அதே இலையில் இன்னொரு முறை வெந்நீர் ஊற்றலாம், இரண்டாவது சுற்று மென்மையாக இருக்கும். டிசம்பர் முதல் பிப்ரவரி வரை குளிரில் பறித்த நீலகிரி இலை கிடைத்தால் விடாதீர்கள், வாசனையே வேறு.

உட்காரும் நேரத்தில் இந்த முறையை மற்ற இரண்டும் தொடவே முடியாது. மின்சாரக் கெட்டிலைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, பேச்சை விடாமல், இருந்த இடத்திலிருந்தே டீ போடலாம். ஆனால் ஒரு டீ பாட் நாலு பேருக்குத்தான் வரும். அதோடு நம் ஆட்களில் பாதிப் பேருக்குப் பால் இல்லாத டீ டீயே அல்ல. ஆசையாக வந்தவர்களுக்கு அவர்கள் விரும்பாத ஒன்றைக் கொடுத்து, "பழகினால் பிடிக்கும்" என்று சொல்வதில் எனக்கு உடன்பாடில்லை. பாலை இதில் ஊற்றினாலோ அந்தப் பூ வாசம் போயே போய்விடும்.

ஏப்ரல், மே வெயிலுக்கு மட்டும் நான் எல்லோருக்கும் இதையே போடுகிறேன், ஐஸ் போட்டு எலுமிச்சை பிழிந்து. நீலகிரி இலை ஆறினாலும் கலங்காமல் தெளிவாக நிற்கும்.

கூட வைப்பதும், ஊற்றிக் கொடுப்பதும்

பஜ்ஜியா, முன்கூட்டியே செய்த பலகாரமா? பஜ்ஜி எனக்கு உயிர். ஆனால் சட்டியிலிருந்து எடுத்த ஐந்து நிமிடத்துக்குத்தான் அது பஜ்ஜி, அதனால் கடைசி வரை ஒருவர் அடுப்படியில் நிற்க வேண்டும். நான் அதை விட்டுவிட்டேன். மதியமே தாளித்து வைத்த சுண்டல், தட்டை, கடையில் வாங்கிய தேங்காய் பன் போதும். இலைத் தேயிலைக்கு எண்ணெய்ப் பலகாரம் சேராது. ஊட்டி வர்க்கிதான் சரியான ஜோடி, நனைத்துத் தின்றால் கரகரப்பும் வெண்ணெய் வாசமும் டீயோடு ஒட்டிக்கொள்ளும்.

பேப்பர் கப் வேண்டவே வேண்டாம். உள்ளே மெல்லிய பிளாஸ்டிக் பூச்சு இருக்கிறது. சூடான பானம் 100 மில்லியை அதில் 15 நிமிடம் வைத்தால் சுமார் 25,000 பிளாஸ்டிக் நுண்துகள்கள் கலக்கின்றன என்று காரக்பூர் ஐ.ஐ.டி. ஆய்வாளர்கள் 2020இல் கண்டார்கள். தமிழ்நாட்டில் பிளாஸ்டிக் பூசிய கப்புகளுக்கு 2019 ஜனவரி 1 முதலே தடை. எவர்சில்வர் டம்ளர் விரலைச் சுடும். பீங்கான் கப் பன்னிரண்டும் ஒரே மாதிரி எல்லார் வீட்டிலும் இருக்காது. டீக்கடைக் கண்ணாடி கிளாஸ் ஒரு டஜன் பாத்திரக்கடையில் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். டீயின் நிறம் வெளியே தெரிவதால் ஸ்ட்ராங் போதுமா என்று கிளாஸைப் பார்த்தே சொல்லிவிடலாம்.

ஆக, நெருங்கினவர்கள் மூன்று நான்கு பேர், மழை, சமையலறையிலேயே நின்று பேசப் போகிறோம் என்றால் சேர்த்துக் கொதிக்க வைக்கும் டீயையே போடுவேன். பழைய சிநேகிதி ஒருத்தி மட்டும் மனம்விட்டுப் பேச வருகிறாள் என்றால் இலைத் தேயிலை. ஆறு பேரைத் தாண்டிவிட்டால் யோசிக்கவே மாட்டேன், டிக்காஷன்தான். பிளேன் டீ கேட்பவர்களுக்கு அதே டிக்காஷனில் வெந்நீர் கலந்தால் ஆயிற்று.

போன மாதம் அதே பதினோரு பேரும் வந்தார்கள். அதே மொட்டை மாடி. முதல் சுற்றை நான் கலந்து கொடுத்தேன். இரண்டாவது சுற்று வந்தபோது, அன்றைக்கு என் கையைப் பிடித்துக்கொண்டு பேசிய தோழி பிளாஸ்கைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள். "உனக்கு ஸ்ட்ராங், சர்க்கரை அரை ஸ்பூன். சரிதானே?" என்று கேட்டு, நான் எழுந்திருப்பதற்குள் ஒரு கிளாஸ் கலந்து நீட்டினாள்.