சுவா சூ காங் இடுகாடு, குழந்தையை அடக்கம் செய்ய வந்த குடும்பத்தின் அனுபவம்

சிங்கப்பூரில் வேலை பாஸில் இருக்கும் குடும்பத்தில் சின்னப் பிள்ளை தவறிவிட்டால் யாரைக் கூப்பிடுவது, எங்கே அடக்கம் செய்வது என்று தமிழில் தேடினால் அன்றைக்கு எங்களுக்கு ஒன்றும் கிடைக்கவில்லை. அதனால்தான் இதை எழுதுகிறேன். தவறியது என் தம்பி மகன், ஒன்றரை வயதுகூட முடியவில்லை, காய்ச்சல் என்று மருத்துவமனைக்குத் தூக்கிப் போன பிள்ளை. அதற்கு மேல் அதைப் பற்றி எழுத என்னால் முடியாது.

முதலில் நாங்கள் போன் போட்ட இறுதிச் சடங்கு நிறுவனம் வேறு. பெயர் வேண்டாம். குழந்தை என்று சொன்ன பிறகும் மூன்று நாள் கூடாரம், நாற்காலி, எம்பாமிங் (உடல் கெடாமல் இருக்க மருந்து ஏற்றுவது) எல்லாம் சேர்ந்த பெரியவர்களுக்கான பேக்கேஜையே வாசித்துக்கொண்டு இருந்தார்கள், முன்பணம் எப்போது போடுவீர்கள் என்று வேறு கேட்டார்கள். தம்பி போனை என் கையில் கொடுத்துவிட்டு வெளியே போய்விட்டான்.

இரண்டாவதாக ஒரு நண்பர் சொல்லி வந்தவர்தான் நான் பாராட்ட நினைப்பவர். தமிழர், குடும்பமாக நடத்துகிற சின்ன நிறுவனம். வந்ததும் விலைப்பட்டியலை எடுக்கவில்லை, "பிள்ளைக்குப் பேர் என்ன தம்பி?" என்று கேட்டார், கடைசிவரைக்கும் பெயர் சொல்லியேதான் பேசினார். அப்புறம் உட்கார்ந்து, ஊருக்குக் கொண்டுபோவது, இங்கேயே அடக்கம் செய்வது என்று இரண்டு வழியையும் விளக்கினார்.

ஊருக்குக் கொண்டுபோவதென்றால் எம்பாமிங் கட்டாயம், பெட்டியை மூடி முத்திரை வைக்க வேண்டும், தேசியச் சுற்றுப்புற வாரியத்தின் ஏற்றுமதி அனுமதி, இந்தியத் தூதரகத்தின் தாள், அதற்கு மேல் விமான சரக்கு ஏற்பாடு. எம்பாமிங் என்றால் என்ன செய்வார்கள் என்று தம்பி மனைவி கேட்டாள், அவரும் மறைக்காமல் மெதுவாகச் சொன்னார். "என் பிள்ளை மேல ஊசி படக்கூடாதுண்ணே" என்றாள். அத்தோடு அந்தப் பேச்சு முடிந்தது. எங்கள் பக்கம் சின்னப் பிள்ளைகளை எரிப்பதில்லை, புதைப்பதுதான் வழக்கம், ஆகவே மண்டாய் தகனச்சாலை என்ற யோசனையே எழவில்லை. மிச்சம் இருந்தது சுவா சூ காங். சிங்கப்பூரில் இப்போதும் அடக்கம் நடக்கிற ஒரே பொது இடுகாடு அதுதான், இந்துக்களுக்குத் தனிப் பகுதி உண்டு.

அடுத்து அவர் சொன்னதுதான் இந்த விமர்சனத்துக்கே காரணம். "இப்பவே சொல்லிடறேன், அப்புறம் யாரும் சொல்லலைன்னு மனசு உடையக்கூடாது. இங்க இடம் 15 வருஷத்துக்குத்தான்." 1998-லிருந்து இதுதான் விதி. நிலம் இல்லாத ஊர். 15 வருடம் ஆனபின் வாரியம் கட்டம் கட்டமாகத் தோண்டி எடுக்கும், மதம் அனுமதித்தால் எஞ்சியதைத் தகனம் செய்து அஸ்தியைக் குடும்பத்திடம் கொடுக்கும். முன்கூட்டியே அறிவிப்பு வரும், நாம்தான் பதிவு செய்து உரிமை கோர வேண்டும். வேலை பாஸில் இருக்கிற குடும்பம் அப்போது எந்த ஊரில் இருக்குமோ! 2017-இல் தெங்கா விமானத் தளத்தை விரிவாக்குவதற்காக 80,500 சீன, முஸ்லிம் கல்லறைகளை எடுக்கப் போவதாக அறிவித்தார்கள், அதையும் அவர்தான் சொன்னார். தம்பி ரொம்ப நேரம் பேசவே இல்லை. அவரும் அவசரப்படுத்தவில்லை, வாசலுக்குப் போய் நின்றுகொண்டார். இது தெரியாமல் கையெழுத்துப் போட்டுவிட்டு, பல வருடம் கழித்து ஒரு நோட்டீஸில் தெரிந்துகொள்கிற பெற்றோரை நினைத்தால் எனக்குத் தாங்கவில்லை. விற்க வந்த ஒருவர், தன் வேலை கெட்டாலும் பரவாயில்லை என்று இதைச் சொன்னாரே, அந்த ஒன்றுக்கே அவருக்கு முழு மதிப்பெண்.

தாள் வேலை நினைத்ததைவிட எளிது. 2022 மே 29-க்குப் பிறகு இறப்பைப் பதிய நாம் தனியாக எங்கும் போக வேண்டாம், மருத்துவர் சான்றளித்ததும் தானாகப் பதிவாகிவிடும். மின்னிலக்கச் சான்றிதழை அரசின் 'மை லெகசி' இணையத்தளத்தில் 30 நாளுக்குள் தரவிறக்க வேண்டும். துக்கத்தில் மறந்துவிடும், கூட இருப்பவர் யாராவது பொறுப்பெடுங்கள். இடுகாட்டில் இடம் பதிவதை நிறுவனமே பார்த்துக்கொண்டது. குழந்தைக்கும் பெரியவருக்கும் அரசுக் கட்டணம் வேறு வேறு, அதனால் பில்லில் அரசுக் கட்டணம் எவ்வளவு, சேவைக் கட்டணம் எவ்வளவு என்று பிரித்துக் காட்டச் சொல்லுங்கள். இவர் கேட்காமலே பிரித்துக் கொடுத்தார், சொன்ன தொகைக்கு மேல் ஒரு வெள்ளி (சிங்கப்பூர் டாலர்) கூட வாங்கவில்லை.

குளிப்பாட்டி உடுத்துவதை அவர்கள் ஆள் செய்வார் என்றுதான் நினைத்தோம். அம்மாவே செய்யட்டும், வீட்டுத் துண்டும் பிள்ளையின் சோப்பும் எடுத்து வாருங்கள் என்றார். தம்பி மனைவி தலை துவட்டி, பவுடர் போட்டு, தினமும் வைப்பது மாதிரி கன்னத்தில் திருஷ்டிப் பொட்டும் வைத்தாள். யாரும் கடிகாரம் பார்க்கவில்லை.

இடுகாட்டைப் பற்றியும் சொல்ல வேண்டும். 2007-இல் கொண்டுவந்த கான்கிரீட் அறை முறை இது, குழிகள் வரிசையாக நெருக்கமாக இருக்கும். ஊரில் மண்ணைப் பார்த்துப் பழகிய கண்ணுக்கு முதலில் பகீரென்றது. இதை மட்டும் அவர் முன்னாலேயே சொல்லியிருக்கலாம், குறை என்றால் இது ஒன்றுதான். ஆனால் கைப்பிடி மண் போட விட்டார்கள், பண்டாரம் தேவாரம் பாடி முடிக்கும்வரை ஊழியர்கள் தள்ளியே நின்றார்கள். பெட்டியைக் கையாலேயே இறக்கினார்கள். இடம் சுத்தமாக இருக்கிறது, நிழல் குறைவு, பக்கத்திலேயே விமானத் தளம் என்பதால் போர் விமானச் சத்தம் திடீரென்று வரும், வயதானவர்களைக் கூட்டிப் போனால் சொல்லி வையுங்கள்.

கார் இல்லாதவர்கள் பூன் லேயிலிருந்து 172 பேருந்தில் போகலாம். இறங்கி உள்ளே நடை அதிகம், குடையும் தண்ணீரும் வேண்டும். புதைத்த இடத்தின் எண்ணைப் படம் எடுத்து ஊரில் இருக்கும் ஒருவருக்கும் அனுப்பி வையுங்கள், சிங்கப்பூரை விட்டுக் கிளம்பினால் நிரந்தரவாசியாக இருக்கும் நண்பர் ஒருவரிடம் அறிவிப்பைக் கவனிக்கச் சொல்லுங்கள். நிறுவனத்தின் பெயர் வேண்டுவோர் எனக்குத் தனியாக எழுதுங்கள், எந்த நேரமானாலும் பதில் போடுவேன்.